உழைப்போர் உள்ளமும் முதலாளியர் பொறுப்பும்

சென்ற திங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, நம் சங்கப் படிப்பகத்தை மூடும் வேளையில் ஓர் அம்மையார் வந்தார். தருமபுரி மாவட்டத்துப் பென்னாகரம் பக்கத்தவர். மழையில் நனைந்திருந்த முந்தானையின் முடிச்சை அவிழ்த்து, நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து நம்மிடம் நீட்டினார். “இதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்க ஐயா. புதன்கிழமைக்குள்ள பையன் கையெழுத்துப் போட்டுத் தரணுமாம்” என்றார்.

தாளில் ஆங்கிலத்தில் மூன்றே வரிகள் இருந்தன. சொந்தக் காரணங்களை முன்னிட்டு வேலையினின்று விலகிக்கொள்வதாகவும், கம்பெனியின்மீது தமக்கு யாதொரு கோரிக்கையும் இல்லையென்றும் அப்பிள்ளையின் பெயரால் எழுதப்பட்டிருந்தது. கையெழுத்துக்கு இடம் விடப்பட்டிருந்தது. நாம் தமிழில் படித்துச் சொன்னோம். அம்மையார் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “எங்களுக்கு என்னங்க சொந்தக் காரணம்? அவன் அனுப்புற பணத்துலதான் வீடே நடக்குது” என்றார்.

பிள்ளைக்கு வயது இருபத்து நான்கு. ஐ.டி.ஐ.யில் பயின்று, பீனியாவில் ஏறக்குறைய அறுநூறு பேர் வேலை செய்யும் ஒரு தொழிற்சாலையில் கடைசல் இயந்திரம் ஓட்டுகிறார். ஒரு வாரம் பகல் ஷிப்டு, மறுவாரம் இரவு ஷிப்டு என்று மாறி மாறிப் பத்துத் திங்கள். லக்கெரேயில் ஆறு பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்த ஓர் அறையில் இருப்பு. இரவு வேலை முடித்துக் காலையில் இவர் படுக்கும்போதுதான் மற்றவர்கள் குளிப்பதும் சமைப்பதும் கைப்பேசியில் பாட்டுக் கேட்பதும். உறக்கம் முதலில் குறைந்தது. பின்னர் அறவே போயிற்று. உணவில் விருப்பம் நீங்கிற்று. அறைத் தோழரோடு பேசுவதை விட்டார். கழிக்கப்பட்ட உருப்படிகள் மிகுந்தன. மேற்பார்வையாளர் பத்துப் பேர் முன்னிலையில் கடிந்துகொண்ட அன்று, இயந்திரத்தின் அருகில் நின்றபடியே அழுதிருக்கிறார். அதன்பின் ஒன்பது நாள் வேலைக்குச் செல்லவில்லை. ஒருவரிடமும் சொல்லவுமில்லை. பத்தாம் நாள் சென்றபோது இந்தத் தாளைக் கையில் கொடுத்திருக்கிறார்கள்.

“என் பையனுக்குக் கிறுக்கு ஒண்ணும் இல்லீங்க ஐயா, தூக்கந்தான் இல்லை” என்று அம்மையார் இரண்டு முறை சொன்னார். அந்தச் சொல்லுக்கு அவர் எவ்வளவு அஞ்சுகிறார் என்பது நமக்கு விளங்கிற்று.

இந்த நிகழ்ச்சியைப் பற்றி இப்பகுதியில் எழுதலாமா என்று முதலில் தயங்கினோம். பெயர்களை விலக்கிவிட்டு எழுதலாம் என்று அம்மையாரே இசைவு தந்தார். பீனியாவிலும் பொம்மனஹள்ளியிலும் வெள்ளைவயலிலும் நம்மவர் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் வேலை செய்கின்றனர். அன்றியும், நம் வாசகர்களுள் பிறரை வேலைக்கு வைத்திருப்போரும் பலர். பட்டறை நடத்துவோர், உணவு விடுதி நடத்துவோர், துணிக்கடை வைத்திருப்போர், பெரிய கம்பெனிகளில் இருபது பேருக்கு மேலாளராய் இருப்போர் எனப் பல திறத்தார் நம் சங்கத்தில் உள்ளனர். இன்று நாம் கூற விழைவது பெரிதும் அவர்களை நோக்கியே.

மனநோய் என்றவுடன் தெருவில் கந்தலுடுத்துத் திரிவோரையே நாம் நினைக்கிறோம். நம் நாட்டில் 2015, 2016-ஆம் ஆண்டுகளில் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வு ஒன்று நடத்தப்பெற்றது. நடத்தியது இந்நகரத்து நிம்ஹான்ஸ் நிலையமே. வளர்ந்தோருள் பத்தில் ஒருவர்க்குச் சற்று மேற்பட்டோர் அப்போது ஏதேனும் ஒரு மனநலக் குறைக்கு உட்பட்டிருந்தனர் என்றும், அவர்களுள் மிகப் பெரும்பாலோர் எவ்வகை மருத்துவமும் பெறவில்லை என்றும் அவ்வாய்வு கண்டது. எனவே நாற்பது பேர் வேலை செய்யும் ஓரிடத்தில் நால்வர் இத்தகையோராய் இருத்தல் கூடும். அவர்கள் கந்தல் உடுத்துவதில்லை. சட்டையைச் சீராக அணிந்து, நேரத்துக்கு வந்து, நம் எதிரில் அமர்ந்து வேலை பார்க்கின்றனர்.

ஊரைவிட்டு வந்தவர்க்கு இத்துன்பம் இருமடங்கு. சொந்த ஊரில் ஒருவன் இரண்டு நாள் முகம் வாடியிருந்தால் பக்கத்து வீட்டுப் பாட்டியாவது என்னவென்று கேட்பாள். இங்கே அறைத் தோழர்கள் நல்லவர்களேயாயினும் அவர்களும் களைத்துப்போனவர்கள். வேலையிடத்து மொழி கன்னடம், இந்தி, ஆங்கிலம். கணக்கும் கட்டளையும் அம்மொழிகளில் பேசிவிடலாம். மனத்தின் பாரத்தை அரைகுறையாகத் தெரிந்த மொழியில் எங்ஙனம் இறக்கிவைப்பது? வீட்டிற்குத் தொலைபேசியில் பேசும்போதோ, “நல்லாயிருக்கேம்மா” என்பதைத் தவிர வேறு சொல்ல மனம் வருவதில்லை.

வேலையின் அமைப்பும் துணைபோகிறது. ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் மணிக்கு இத்தனை உருப்படி என்று பலகையில் எழுதிவைப்பர். எண்ணிக்கை குறைந்தால் அந்தப் பெண்மணி கேட்கவேண்டிய சொற்கள் அச்சிடத் தக்கவை அல்ல. ஐ.டி. கம்பெனிகளில் அடிப்பதுமில்லை, திட்டுவதுமில்லை. ஆனால் இரவு பதினொரு மணிக்கு அமெரிக்காவிலிருந்து அழைப்பு வரும். மறுநாள் காலை ஒன்பதுக்கும் அலுவலகத்தில் இருக்கவேண்டும். 2024-ஆம் ஆண்டு ஜூலையில், இத்தகைய கம்பெனிகளில் ஒரு நாளைய வேலையை 14 மணி நேரம் வரை நீட்டிக்க இடந்தரும் யோசனையொன்று கர்நாடகத்தில் எழுந்து, ஊழியர் சங்கத்தாரின் கடும் எதிர்ப்பைப் பெற்றதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பதினான்கு மணி நேரம் வேலை, பெங்களூர்ச் சாலையில் போக வர மூன்று மணி நேரம்! எஞ்சிய ஏழு மணி நேரத்தில் உண்டு, உறங்கி, பிள்ளையின் முகத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று யோசனை செய்தவர் எந்தச் சாலையில் பயணம் செய்பவரோ, நாம் அறியோம்.

இது வெறும் மனக்குறை அன்று. உலகச் சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் நிறுவனமும் சேர்ந்து 2021-இல் வெளியிட்ட ஆய்வின்படி, வாரத்தில் 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்போர்க்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்போரைக் காட்டிலும் பக்கவாதம் வரும் வாய்ப்பு 35 விழுக்காடு மிகுதி. இதய நோயால் இறக்கும் வாய்ப்பு 17 விழுக்காடு மிகுதி. உடலே இவ்வாறு முறியுமாயின் உள்ளத்தைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ!

நிற்க. முதலாளியர் யாதும் செய்யவில்லை என்று நாம் சொல்லவில்லை. பெரிய கம்பெனிகள் பலவற்றில் அக்டோபர் 10-ஆம் நாள் உலக மனநல நாளென்று சொற்பொழிவு நடக்கிறது. யோகாசனம் கற்பிக்கின்றனர். சுவரில் சிரித்த முகங்களுடன் விளம்பரத் தாள்கள் ஒட்டுகின்றனர். மனநல ஆலோசகரிடம் இலவசமாகப் பேசுவதற்கு ஏற்பாடு செய்துள்ள கம்பெனிகளும் உண்டு. இவற்றை நாம் எள்ளி நகையாடுவதில்லை. ஆயினும், பத்துத் திங்கள் உறங்காத ஒருவனை மூச்சை ஆழ இழுத்து விடு என்று சொல்லிவிட்டு, அன்றிரவே மீண்டும் இரவு ஷிப்டுக்கு அனுப்புவதனால் விளையும் பயன் யாது? ஓட்டைக் குடத்துக்கு வண்ணம் பூசுவது போன்றதே அது.

உலகச் சுகாதார நிறுவனம் 2022-இல் வேலையிட மனநலம் பற்றி வழிகாட்டும் நெறிகளை வெளியிட்டது. வேலையாளுக்குத் தனிப்பட்ட முறையில் பயிற்சி அளிப்பதை மட்டும் அது கூறவில்லை. வேலையின் பளு, நேரம், நடத்தும் முறை ஆகியவற்றையே திருத்துமாறும், மேலாளர்களைப் பயிற்றுமாறும், நோயுற்று மீண்டவர் வேலைக்குத் திரும்ப வழி செய்யுமாறும் கூறுகிறது. மிகு உழைப்பால் மாள்வதற்கென்றே தம் மொழியில் ஒரு சொல்லை உண்டாக்கிக்கொண்ட ஜப்பானியர், 50 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களில் ஆண்டுக்கொரு முறை வேலையாட்களின் மன இறுக்கத்தை வினாத்தாள் மூலம் அறியவேண்டும் என்று 2015 டிசம்பர் முதல் சட்டமாக்கியுள்ளனர். ஒருவருடைய விடையை அவருடைய இசைவின்றி முதலாளிக்குக் காட்டலாகாது என்பது அச்சட்டத்தின் சிறந்த பகுதி.

இவையெல்லாம் மேல்நாட்டுப் புதுமை என்று கருதுவோர்க்கு ஒன்று நினைவூட்டுவோம். சென்னைத் தொழிற்சங்கம் தோன்றியது 1918 ஏப்ரல் 27-இல். செல்வபதி செட்டியாரும் இராமாஞ்சலு நாயுடுவும் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர் குறைகளைப் பி.பி. வாடியாவிடம் கொண்டுசென்றனர். வாடியா தலைவரானார். திரு.வி.க. துணைத்தலைவரானார். அன்று அத்தொழிலாளர் முன்வைத்த தொடக்கக் குறைகளுள் ஒன்று நண்பகல் உணவுக்கு விடும் நேரம் போதவில்லை என்பது. அரை மணியில் ஓடிச் சென்று, கை கழுவி, விழுங்கிவிட்டு ஓடிவர வேண்டியிருந்தது. அவர்கள் கேட்டது கூலியுயர்வு மட்டுமன்று. அமர்ந்து உண்பதற்குச் சில நிமிடங்களையும் கேட்டார்கள். மனநலம் என்னும் சொல் அவர்கள் வாயில் வரவில்லை. பொருள் அதுதான்.

இந்நகரில் வாழும் நமக்கு ஒரு பேறு உண்டு. மனநல மருத்துவத்தில் நாட்டுக்கே தலையாய நிலையம் நம் ஓசூர்ச் சாலையில் இருக்கிறது. மைசூர் அரசின் மனநோய் மருத்துவமனை இங்கே இருந்தது. அதன் அருகில் 1954-இல் அகில இந்திய மனநலக் கழகம் தொடங்கப்பட்டது. டாக்டர் எம்.வி. கோவிந்தசாமி அதன் முதல் இயக்குநர். 1974-இல் இரண்டும் இணைந்து நிம்ஹான்ஸ் ஆயிற்று. இந்தியாவின் முதற் பெண் மனநல மருத்துவர் என்று போற்றப்பெறும் டாக்டர் சாரதா மேனன் இங்கே பயின்றவர். சென்னைக் கீழ்ப்பாக்கம் மருத்துவமனையை நெடுங்காலம் நடத்திப் பின்னர் 1984-இல் ஸ்கார்ஃப் என்னும் அமைப்பையும் நிறுவினார். ஆனால் நாம் என் செய்கிறோம்? சென்னையில் ஒருவனை ஏசவேண்டுமானால் கீழ்ப்பாக்கம் என்கிறோம். பெங்களூருக்கு வந்தவுடன் கீழ்ப்பாக்கத்தை விட்டு நிம்ஹான்ஸ் என்கிறோம். பட்டறைகளில் இச்சொல்லைக் கேலியாகக் கேட்டு வளர்ந்த பிள்ளை, தனக்கு நோய் வரும்போது அந்த வாயிலில் எவ்வாறு நுழைவான்? செலவில்லாமல் ஒரு முதலாளி செய்யக்கூடிய முதல் நன்மை, தம் பட்டறையில் இக்கேலியை நிறுத்துவதே.

அந்நிலையத்தில் மறுவாழ்வுப் பகுதி ஒன்று உண்டு. அங்கே ரொட்டி சுடும் பிரிவும், தையலும், தச்சு வேலையும், அச்சு வேலையும் உள்ளன. நோயினின்று தெளிந்து வருவோர் அங்கே மீண்டும் வேலை செய்யப் பழகுகின்றனர். அவர்கள் சுட்ட ரொட்டியை வாங்கி உண்பவர்கள் இந்நகரில் உண்டு. நல்ல முறையில் அமைந்த வேலை நோய்க்குக் காரணமாவதில்லை. அதுவே மருந்தாகவும் உதவுகிறது. எனவே நோயுற்றவனை வேலையைவிட்டு நீக்குவது, மருந்துப் புட்டியைப் பிடுங்கி எறிவதற்கு ஒப்பாகும்.

இனிச் சட்டம் பற்றிச் சிறிது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மனநோயையும் இயலாமைகளுள் ஒன்றாக ஏற்றுள்ளது. பணியிலிருக்கும்போது இயலாமை உற்றவரை அரசு நிறுவனம் வேலையைவிட்டு நீக்கவோ, பதவி இறக்கவோ கூடாது என்பது அச்சட்டம். தனியார்க்கு அத்துணை உறுதியான தடை இல்லாமை பெருங்குறையே. மத்திய ரிசர்வ் போலீஸ் படையில் பணியாற்றிய ஒருவர்மீது, அவர் மனநோய்க்கு மருத்துவம் பெற்றுவந்த காலத்து நடத்தைக்காக ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்பட்ட வழக்கில், அது பாகுபாடாகும் என்று உச்ச நீதிமன்றம் 2021 டிசம்பரில் தீர்ப்பளித்தது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், உடல் நோய்க்கு உள்ளதுபோலவே மன நோய்க்கும் மருத்துவக் காப்பீடு அளிக்கவேண்டும் என்று காப்பீட்டுக் கம்பெனிகளைப் பணிக்கிறது. தம் ஊழியர்க்குக் குழுக் காப்பீடு வாங்கும் நம் முதலாளி அன்பர்கள், அந்தப் பத்திரத்தை எடுத்து இது இருக்கிறதா என்று ஒரு முறை பார்ப்பார்களாக.

இ.எஸ்.ஐ. திட்டத்தில் உள்ளவர்கள் அறியவேண்டியது ஒன்று உண்டு. நம்மவர்களுள் பலர் இ.எஸ்.ஐ. அட்டையைக் காய்ச்சலுக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் உரியதென்றே எண்ணுகின்றனர். மனநலக் குறைக்கும் அது உரியதே. மருத்துவர் சான்றளித்தால் நோய்க்காலப் பயனாக ஊதியத்தில் 70 விழுக்காடு ஆண்டில் 91 நாள் வரை கிடைக்கும். கடுமையான மனநோய்கள் சில, நீண்டகால நோய்களின் பட்டியலில் காசநோயோடும் புற்றுநோயோடும் சேர்க்கப்பட்டுள்ளன. பணிக்காலமும் சந்தாவும் உரிய அளவு இருப்பின், அவற்றிற்கு 80 விழுக்காடு வீதம் இரண்டாண்டு வரையிலும் பெறலாம். ஆனால் வேலையினின்று விலகுவதாகக் கையெழுத்திட்டவர்க்கு இவ்வுரிமைகள் சிக்கலாகிவிடும். ஆகவே நோயுற்ற நாளில் எந்தத் தாளிலும் உடனே கையெழுத்திடலாகாது. “வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்” என்று தாளை வாங்கிக்கொண்டு வருவதில் குற்றமில்லை.

பெரிய ஆலைகளில் நலத்துறை அலுவலர் என்று ஒருவர் இருக்கவேண்டும். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் 500 தொழிலாளர்க்கு மேல் இதனைக் கட்டாயமாக்கிற்று. 2020-ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டம் அந்த எண்ணிக்கையை 250 ஆகக் குறைத்தது. பல இடங்களில் இவ்வலுவலர் கேன்டீன் கணக்கையும் பேருந்துச் சீட்டையும் மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கிறார். பார்க்கவேண்டிய வேறு வேலையும் அவருக்கு உண்டு.

சிறிய முதலாளியர் கேட்கும் கேள்வி நம் காதில் விழாமலில்லை. “என்னிடம் இருப்பதே பன்னிரண்டு ஆட்கள். நான் பட்டறை நடத்துகிறேனா, தருமச் சத்திரம் நடத்துகிறேனா?” என்பார்கள். நியாயமான கேள்வியே. இதற்கு விடையாக நாம் அறிந்த ஒரு பட்டறையைப் பற்றிச் சொல்வோம். அதன் உரிமையாளர் திருநெல்வேலிப் பக்கத்தவர். ஆட்கள் எல்லாரும், கன்னடத்துப் பிள்ளைகளும் பீகார்ப் பிள்ளைகளும் உட்பட, அவரை ‘அண்ணாச்சி’ என்றே அழைக்கின்றனர். எட்டு ஆண்டுகளாக அவரிடம் இருந்த ஒரு கடைசல்காரர் திடீரென்று எவரையும் நம்பாதவரானார். தன் உணவில் ஏதோ கலக்கிறார்கள் என்றார். மற்றவர்கள் அஞ்சினர். அண்ணாச்சி அவருடைய மனைவியை வரவழைத்துப் பேசி, மருத்துவமனைக்குத் தாமே உடன் சென்றார். ஆறு வாரம் பாதிச் சம்பளம் கொடுத்தார்.

அவர் திரும்பி வந்தபின் நடந்ததே நாம் குறிப்பிட விரும்புவது. மாத்திரையினால் காலையில் மயக்கமாய் இருக்கும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஆகவே வேலை நேரத்தைக் காலை பத்தரைக்கு மாற்றினார் அண்ணாச்சி. மூன்று திங்கள் இயந்திரத்தில் நிறுத்தாமல், முடிந்த உருப்படிகளை அளந்து பார்க்கும் வேலையில் வைத்தார். மருத்துவமனைக்குச் செல்லும் நாளை விடுமுறைக் கணக்கில் எழுதவில்லை. நோயின் பெயரை எவரிடமும் சொல்லவில்லை. “உடம்புக்கு முடியலை, தேறிட்டான்” என்பதோடு நிறுத்திக்கொண்டார். பழைய மேஸ்திரி ஒருவரை மட்டும் அழைத்து, அவன் முகம் மாறினால் தம்மிடம் வந்து சொல்லுமாறு கேட்டுக்கொண்டார்.

இவ்வளவு செய்தது இரக்கத்தினாலா என்று நாம் வினவினோம். அவர் சிரித்தார். “இரக்கமும் உண்டு, கணக்கும் உண்டுய்யா. அவன் கைக்கு வர்ற அளவு புது ஆளு கைக்கு வர ரெண்டு வருஷம் ஆகும். அதுவரைக்கும் கழிஞ்சுபோற இரும்புக்கு யாரு காசு கொடுப்பா?” என்றார். இக்கணக்கை எல்லா முதலாளியரும் போட்டுப் பார்க்கலாம். கவலையாலும் மனச்சோர்வாலும் உலகில் ஆண்டுதோறும் 1,200 கோடி வேலை நாட்கள் வீணாகின்றன என்று உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அத்துணைப் பெரிய எண்ணைக் காட்டிலும் அண்ணாச்சியின் கழிந்த இரும்பு நமக்கு எளிதில் விளங்குகிறது.

இதில் இடர்ப்பாடே இல்லையென்று நாம் கூறமாட்டோம். மயக்கம் தரும் மாத்திரை உண்பவரை அழுத்துப்பொறியில் நிறுத்துவது அவருக்கும் பிறர்க்கும் கேடு. மருத்துவரின் கடிதம் இன்றித் தாமாகவே முடிவு செய்தலும் தவறு. நோயென்று நடிப்பவர்கள் இருக்கமாட்டார்களா என்று ஓர் அன்பர் கேட்டார். இருக்கலாம். வயிற்றுவலி என்று நடிப்பவனும் உண்டு. அதற்காக வயிற்றுவலிக்கு விடுப்புத் தருவதை எவரும் நிறுத்திவிடவில்லையே! செலவும் உண்டு. அண்ணாச்சி கொடுத்த ஆறு வாரப் பாதிச் சம்பளம் அவர் பையிலிருந்து போனதுதான். இ.எஸ்.ஐ.யில் பதிவு செய்திருந்தால் அதுவும் போயிருக்காது என்று அவரிடமே நாம் சொன்னோம். பத்துப் பேருக்கு மேல் வைத்துக்கொண்டு பதிவு செய்யாதிருப்பது அவர் பிழை. அவரும் ஒப்புக்கொண்டார்.

மேற்பார்வையாளராய் இருக்கும் நம் பிள்ளைகளுக்கும் ஒரு சொல். கம்பெனி என்பது ஊழியனுக்கு முதலாளியின் முகமன்று, உங்கள் முகமே. வழக்கமாகப் பேசுபவன் பேச்சைக் குறைத்தாலும், பிழை செய்யாதவன் தொடர்ந்து பிழை செய்தாலும், உடையிலும் உணவிலும் நாட்டம் குறைந்தாலும், தனியே அழைத்து அமரவைத்து, “உடம்பு எப்படி இருக்கு? தூங்குறியா?” என்று கேளுங்கள். மருத்துவம் சொல்ல வேண்டா. உபதேசமும் வேண்டா. விடை வரும்வரை பொறுத்திருங்கள். வாழப் பிடிக்கவில்லை என்னும் பொருள்பட எவரேனும் ஒரு சொல் சொன்னாராயின், அதனை விளையாட்டென்று விட்டுவிடாதீர்கள். தனியே விடாமல் உடனிருந்து, அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 14416 என்னும் எண் டெலி-மனஸ் என்ற அரசுத் தொலைபேசி உதவிக்குரியது. 2022 அக்டோபர் 10-ஆம் நாள் தொடங்கப்பட்டது. இரவும் பகலும் கட்டணமின்றிப் பேசலாம். தமிழிலும் பேசலாம். வேலையாட்கள் கையெழுத்திடும் பதிவேட்டின் மேல் இவ்வெண்ணைத் தமிழிலும் கன்னடத்திலும் இந்தியிலும் எழுதி ஒட்டுமாறு நம் முதலாளி அன்பர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

அப்பிள்ளையின் செய்தியை முடிக்கவேண்டும். செவ்வாயன்று சங்கத்து அன்பர் இருவர் தாயும் பிள்ளையுமாய் இருவரையும் அழைத்துக்கொண்டு நிம்ஹான்ஸ் சென்றனர். காலை சென்றவர்கள் மாலைதான் திரும்பினர். மனச்சோர்வு நோய் என்றும், குணப்படுத்தத்தக்கது என்றும், சில திங்கள் இரவு வேலை கூடாது என்றும் மருத்துவர் எழுதிக்கொடுத்தார். புதன்கிழமை அக்கடிதத்துடன் தொழிற்சாலைக்குச் சென்றபோது, நலத்துறை அலுவலர்க்கு இந்தச் செய்தியே தெரியாது. விலகல் தாள் மேற்பார்வையாளரும் ஆளெடுப்புப் பிரிவினரும் செய்த ஏற்பாடு. அலுவலர் கன்னடத்துக்காரர், நல்ல மனிதர். பிள்ளையைத் தம் அறையில் அமரவைத்துக் காபி வரவழைத்தார். நெடுநேரப் பேச்சுக்குப்பின் ஒன்பது நாளையும் நோய் விடுப்பாகக் கொள்ளவும், மேலும் ஒரு திங்கள் இ.எஸ்.ஐ. விடுப்பில் செல்லவும் இசைந்தார்கள். இரவு வேலை பற்றி மூன்று திங்கள் கேட்டோம். இரண்டு திங்களுக்கு மட்டும் ஒப்புக்கொண்டனர். அதன்பின் மறுபடியும் பேசவேண்டியிருக்கும்.

பிள்ளை இப்போது பென்னாகரத்தில் இருக்கிறார். உறக்கம் ஐந்து மணி நேரம் வரை வந்திருப்பதாக அம்மையார் தொலைபேசியில் கூறினார். திரும்பி வந்தால் லக்கெரே அறைக்குப் பதில், பகல் வேலைக்காரர்கள் மட்டும் தங்கும் ஓர் அறை வேண்டும் என்கிறார். தாசரஹள்ளி, ஜாலஹள்ளிப் பக்கத்தில் இடமறிந்த அன்பர்கள் சங்கத்துக்குத் தெரிவிக்கவும். கையெழுத்திடாத அந்தத் தாள் நம் அலுவலக மேசை அறையில் இருக்கிறது. அம்மையார் அதனைத் திரும்பக் கேட்கவில்லை.